நாலு லட்சத்துப் பத்தொன்பது

தம்பியின் வக்கீல் அனுப்பிய உறையில்
என் இனிஷியல் தவறு, மாடி தவறு,
அஞ்சல் எண் மட்டும் சரி.
400019.
நடுவில் மூன்று சுழியங்கள்,
வாய் திறந்து தூங்கும் மூன்று பயணிகள்.

வீட்டை இரண்டாக வகுக்க வேண்டும் என்றது கடிதம்.
இந்த எண்ணை யாராலும் வகுக்க முடியாதென்று
ஏனோ எனக்குத் தோன்றிவிட்டது.
பகா எண் என்று நிரூபித்தாலும்
கோர்ட்டில் செல்லாது. தெரியும்.
பதினெட்டு வருஷமாய்க் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

ஹோலி முடிந்த திங்களன்று தொடங்கினேன்.
நாளுக்கு ஒரு பகா எண்.
மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரை
ஸ்லோ வண்டி, பெண்கள் பெட்டி,
மடித்த கடித உறையின் முதுகில் பென்சில்.
இரண்டுக்கே ஒரு நாள் முழுசாய்க் கொடுத்தேன்,
பார்த்தாலே ஒற்றைப்படை என்றாலும்.

ஐந்து, ஏழு, பதினொன்று:
மூன்றும் பேசிவைத்தாற்போல் நான்கை மீதி வைத்தன.
ஐம்பத்தொன்பதுக்கு ஒன்றே ஒன்று குறைந்தது.
நூற்றுப் பதிமூன்றுக்கும் அப்படியே,
வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமல் திரும்பும் உறவு மாதிரி.

எதிரே சுலபா காய்க்வாட்
மடியில் டப்பா வைத்துப் பட்டாணி உரிப்பாள்.
"துட்லா கா?" என்பாள், உடைந்ததா என்று.
இல்லையென்று தலையாட்டுவேன்.
632 வரை போனால் போதும், சுலபா.
அதற்கு மேலே ஒன்று வகுத்தால்
அதன் ஜோடி கீழே எங்காவது
முன்னமே அகப்பட்டிருக்கும்.
எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றாள்,
எதை நினைத்தாளோ.

தாராவியின் எண் மூன்றிலேயே விழுந்துவிடும்.
செம்பூர் மூன்றிலும் ஏழிலும்.
என்னுடையது அறுபத்தேழு பேரிடம் தப்பியது.
பட்டாணிக் காலம் போய்
அவள் மடியில் கொத்தவரை வந்திருந்தது.

அறுபத்தெட்டாவது நாள்
சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே
தண்டவாளம் தண்ணீருக்கடியில்.
நின்ற வண்டியில் 337.
மீதி அறுபத்து மூன்று.
மீதி இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
மீதி இருநூற்று முப்பத்தைந்து.
கடைசி ஒன்பதை இறக்கினேன்.
சுழியம்.

திரும்பப் போட்டேன். சுழியம்.
மின்விசிறி நின்றுவிட்டிருந்தது.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"துட்லா" என்றாள் சுலபா, கேள்வி இல்லாமல்.

337, 1187.
சமமில்லாத இரண்டு பங்கு.
இரண்டுமே பகா எண்கள்;
இனி யார் வந்தாலும் பிரிக்க ஒன்றுமில்லை.

வண்டி நகர இரண்டு மணி நேரம் ஆனது.
அதற்குள் இன்னொன்றும் பார்த்தேன்.
இரண்டு சதுரங்களில் இந்த எண் அடங்காது.
நான்கால் வகுத்தால்
எந்தச் சதுரமும் ஒன்றுக்கு மேல் மீதி வைப்பதில்லை;
இதற்கோ மீதி மூன்று.
இரண்டு பேர் சேர்ந்தாலும் எங்கிருந்து தருவார்கள்?

மூன்று சதுரங்களென்றால் அடங்குகிறது.
631, 43, அப்புறம் வெறும் 3.
மூன்றுக்கு மூன்று எங்கள் வீட்டு மோரி.
பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் அங்கேதான்.
ஐந்து வயதுத் தம்பி
சீயக்காய் கண்ணில் பட்டு என்னைக் கடித்ததும் அங்கேதான்.
பாகப் பத்திரத்தில் அதற்குத் தனி வரி இல்லை.

ஜூலையில் கையெழுத்துப் போட்டேன்.
முகவரியில் குமாஸ்தா 400091 என்று எழுதிவிட்டார்.
சொன்னதும் அடித்துத் திருத்தினார்.
அடித்தலுக்கு அடியிலும் எண் தெரிந்தது.
அதே இலக்கங்கள், கூட்டினால் அதே பதினான்கு.

மறுநாள் காலை, அதே ஜன்னலோரம்:
இரண்டு. மீதி ஒன்று.